கார் இரவில் எங்கே நிற்கிறது? மின்சாரம், இ20, சிஎன்ஜி: வாங்குவோர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (திருநெல்வேலி): சொந்த வீடு. அலுவலகம் போய்வர தினமும் 40 கி.மீ. வீட்டில் இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடுகிறது. மின்சார கார் வாங்கினால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது என்று ஷோரூமில் சொல்கிறார்கள். அதே காரின் பெட்ரோல் மாடல் 3 லட்சம் குறைவு. எதை எடுப்பது?

பதில்: உங்களுக்கு மின்சார கார் பொருந்தும். ஆனால் அந்த ஒரு ரூபாய்க் கணக்கை நம்பி வாங்காதீர்கள். தமிழ்நாட்டில் வீட்டு கரண்ட் பில் படிப்படியாக ஏறும். முதல் 100 யூனிட் இலவசம். 400-ஐத் தாண்டியதும் யூனிட் 6 ரூபாய்க்கு மேல், 500-ஐத் தாண்டினால் 8-க்கு மேல், 600-ஐத் தாண்டினால் 9-க்கு மேல். 500-ஐத் தாண்டிய பில்லில் 101 முதல் 200 வரைக்கான சலுகை விலையும் போய்விடும். கார் குடிக்கும் மின்சாரம் முழுக்க இந்த மேல்படிகளில்தான் விழும்.

மாதம் 1,000 கி.மீ. என்று வைப்போம். சிறிய மின்சார கார் ஏசி போட்டு ஓட்டினால் யூனிட்டுக்கு 7 கி.மீ. அளவில் தரும். சார்ஜ் ஏறும்போதே 10 முதல் 12 சதவீதம் வெப்பமாக வீணாகும். ஆக மீட்டரில் மாதம் 160 யூனிட், இரண்டு மாத பில்லில் 320. உங்கள் 400 இனி 720 ஆகும். கூடுதல் பில் 2,900 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். அதாவது காருக்குப் போகும் யூனிட் 9 ரூபாய், கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்.

பெட்ரோல் மாடல் ஊருக்குள் லிட்டருக்கு 15 கி.மீ. கொடுத்தால், லிட்டர் 101 ரூபாய் விலையில் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 70 காசு. மாதம் 5,200 ரூபாய் மிச்சம். 3 லட்சம் வித்தியாசத்தை எடுக்க ஐந்து வருடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். மாதம் 500 கி.மீ. மட்டும் ஓடுகிறவருக்கு இதே கணக்கு பத்து வருடத்தைத் தொடும். அவருக்கு பெட்ரோல் மாடலே போதும்.

மாடியில் இடம் இருந்தால் 3 கிலோவாட் சோலாரையும் சேர்த்து யோசியுங்கள். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் அதற்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. நம் ஊர் வெயிலுக்கு நாளொன்றுக்கு சுமார் 12 யூனிட் வரும். வெளியே போகும் சோலார் யூனிட்டை பில்லில் கழிக்கும் நெட் மீட்டர் இருப்பதால், பகலில் கார் அலுவலகத்தில் நின்றாலும் அந்த யூனிட் உங்கள் கணக்கிலேயே சேரும்.

கடன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை வரிக்கழிவு கிடைக்கும் என்று இன்றும் சில விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். வருமான வரிச் சட்டத்தின் அந்த 80இஇபி பிரிவுச் சலுகை 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடன்களுக்கு மட்டும்தான். மின்சார காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் என்பது உண்மை. சாலை வரி விலக்கை மட்டும் பதிவு நாளன்று நடப்பில் இருக்கிறதா என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி பிளக் பாயின்ட். பெரும்பாலான தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. காரோடு வரும் சார்ஜர் 13 முதல் 15 ஆம்பியரை எட்டு, பத்து மணி நேரம் நிறுத்தாமல் இழுக்கும். கீசர் பத்து நிமிடம் இழுப்பதும் இதுவும் ஒன்றல்ல. பழைய சாக்கெட்டில் உள்ளே பித்தளை இதழ் தளர்ந்திருந்தால் அந்த இடம் சூடேறி, முதலில் வலது கீழ்த் துளையின் ஓரம் பழுப்பாகும், பிறகு பிளாஸ்டிக் இளகும், ஒரு நாள் பிளக்கைப் பிடுங்கினால் சாக்கெட்டும் சேர்ந்து வரும். முதல் வாரத்தில் ஒரு மணி நேரம் சார்ஜ் ஆனபின் பிளக்கின் முதுகைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியவில்லை என்றால் அன்றே நிறுத்துங்கள்.

எலெக்ட்ரீஷியனிடம் இப்படிச் சொல்லுங்கள்: மெயின் போர்டிலிருந்து காருக்கென்றே 4 சதுர மி.மீ. செம்பு வயர், தனி 20 ஆம்பியர் எம்சிபி (சுமை மீறினால் தானாக அணையும் சுவிட்ச்), 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்), நீல நிறத் தொழிற்சாலை வகை சாக்கெட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. எர்த் சரியில்லாவிட்டால் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்து சார்ஜ் ஏறாது. பலர் சார்ஜரைப் பழி சொல்லி சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிப் போகிறார்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்து அளந்தால் சில வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கூடுதலாகக் காட்டினால் எர்த் குழியைச் சரிசெய்ய வேண்டும்.

7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் 32 ஆம்பியர் இழுக்கும். மூன்று பேஸ் வீட்டிலும் அது ஒரே பேஸில்தான் உட்காரும். ஏசி இல்லாத பேஸில் போடச் சொல்லுங்கள், மின்வாரியத்தில் அனுமதிச் சுமையையும் உயர்த்துங்கள். உங்கள் 40 கி.மீ.க்கு அது தேவையே இல்லை. சாதாரண சார்ஜரில் இரண்டரை மணி நேரம் போதும்.

கேள்வி (சென்னை): அடுக்குமாடியில் எனக்கென்று பார்க்கிங் இருக்கிறது. சார்ஜிங் பாயின்ட் போட சங்கத்தில் மறுக்கிறார்கள். மின்சார கார் வாங்கலாமா?

பதில்: பாயின்ட் போட்டு முடித்த பிறகு கார் புக் செய்யுங்கள். மத்திய மின்துறையின் வழிகாட்டுதலில், வீட்டில் இருக்கும் சொந்த மின் இணைப்பிலேயே காரை சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று தெளிவாக இருக்கிறது. சங்கத்தின் பயம் பெரும்பாலும் இரண்டு: பொது மீட்டரில் பில் ஏறும், தீப்பிடிக்கும். இரண்டுக்கும் சேர்த்து எழுத்தில் பதில் கொடுங்கள். மீட்டர் பலகை தரைத்தளத்தில்தானே இருக்கிறது? உங்கள் மீட்டரிலிருந்தே வயர் இழுப்பது, குழாய்க்குள் போவது, எம்சிபி, ஆர்சிசிபி விவரம், பூட்டுள்ள சாக்கெட் பெட்டி, உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் சான்று என்று ஒரு பக்கக் கடிதம். அதன் பிறகும் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

பொது இடங்களில் இருக்கும் டிசி வேக சார்ஜரை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். அங்கே யூனிட் 18 முதல் 25 ரூபாய் வரை போகிறது. கிலோமீட்டருக்கு இரண்டரை முதல் மூன்றரை ரூபாய் ஆகும், சிஎன்ஜிக்கு (அழுத்தி நிரப்பும் இயற்கை எரிவாயு) பக்கத்தில் வந்துவிடும்.

கேள்வி (தஞ்சாவூர்): 2016 பெட்ரோல் கார். இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வந்த பிறகு மைலேஜ் 16-லிருந்து 13 ஆகிவிட்டது. இன்ஜின் கெட்டுவிடுமா?

பதில்: இந்த இறக்கம் முழுவதையும் எத்தனால் கணக்கில் எழுத முடியாது. எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதை 20 சதவீதம் கலந்தால் 7 சதவீதம் போகும். நீங்கள் ஏற்கெனவே 10 சதவீதம் கலந்ததில்தான் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையும் இத்தகைய பழைய கார்களுக்கு 6 முதல் 7 சதவீத இழப்பு என்றே மதிப்பிட்டது. 16 என்பது 15 ஆகலாம். 13 ஆனால் வேறு காரணம் இருக்கிறது.

முதலில் சரியாக அளந்து பாருங்கள். ஒரே பங்க், ஒரே பம்ப், முதல் தடவை தானாக நிற்கும் வரை நிரப்பி, 300 கி.மீ. ஓட்டி, மறுபடி அதேபோல் நிரப்பி வகுத்துப் பாருங்கள். பிறகு டயர் காற்று, ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக். இருபது கி.மீ. ஓட்டி நிறுத்தியதும் நான்கு வீல் அருகிலும் கையை நீட்டுங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. எல்லாம் சரி என்றால் ஆக்சிஜன் சென்சாரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எத்தனால் உண்மையில் கைவைப்பது ரப்பரில். 2023 ஏப்ரலிலிருந்து வந்த கார்களில் குழாய், சீல் எல்லாம் இ20-க்கு ஏற்றவை. உங்கள் காரில் அந்த உறுதி இல்லை. காலையில் பானட் திறந்ததும் பெட்ரோல் வாடை வந்தால், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் ஹோஸை விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள். மேலே மயிரிழை வெடிப்பு தெரிந்தாலும், பிசுபிசுவென்று இருந்தாலும் எத்தனால் தாங்கும் ஹோஸும் இன்ஜெக்டர் ஓ-ரிங்கும் மாற்றுங்கள். செலவு சில ஆயிரம்தான், தள்ளிப்போட்டால் தீ ஆபத்து. பழைய டேங்கில் ஒட்டிய கசடை எத்தனால் கரைத்துக் கொண்டுவரும், அதனால் பெட்ரோல் ஃபில்டரையும் ஒருமுறை மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் காரை நிறுத்துவதானால் டேங்கில் காற்றுக்கு அதிக இடம் விடாமல் நிரப்பி நிறுத்துங்கள். பங்கில் விற்கும் சேர்க்கைத் திரவங்கள் ரப்பரைக் காப்பாற்றாது.

கேள்வி (கோவை): விற்பனைப் பிரதிநிதி. மாதம் 2,500 கி.மீ. கார் தெருவில்தான் நிற்கும். கையில் இருக்கும் பெட்ரோல் காருக்கு சிஎன்ஜி கிட் போடலாமா, கம்பெனி சிஎன்ஜி கார் வாங்கலாமா?

பதில்: தெருவில் நிற்கும் காருக்கு சிஎன்ஜி நல்ல தேர்வு. கிலோ 90 ரூபாய், 23 கி.மீ. என்றால் கிலோமீட்டருக்கு 4 ரூபாய்க்குள். மாதம் 7,000 ரூபாய் மிச்சம். கார் மாற்றுகிற எண்ணம் ஏற்கெனவே இருந்தால் கம்பெனி சிஎன்ஜி எடுங்கள். பெட்ரோல் மாடலைவிட லட்சம் ரூபாய் அளவு கூடுதல் என்றாலும் ஒன்றே கால் வருடத்தில் வந்துவிடும்.

வெளியில் கிட் போடுவதானால் உங்கள் மாடலுக்கே அங்கீகாரம் பெற்ற கிட்டா என்று பாருங்கள். ஆர்சியில் எரிபொருள் மாற்றம் ஏறியாக வேண்டும், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவித்துப் பாலிசியில் ஏற்ற வேண்டும். இதில் ஒன்று விட்டுப்போனாலும் விபத்து நாளில் கிளெய்ம் நின்றுபோகலாம். சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்; தேதி தகட்டில் இருக்கும்.

60 லிட்டர் சிலிண்டர் என்றால் 60 லிட்டர் எரிபொருள் என்று நினைக்காதீர்கள். அது தண்ணீர் கொள்ளளவு. 200 பார் அழுத்தத்தில் 8 முதல் 9 கிலோ ஏறும். பங்கில் அழுத்தம் இறங்கிய நேரத்தில் போனால் ஐந்து கிலோவோடு திருப்பி அனுப்புவார்கள். வரிசை கலைந்த கொஞ்ச நேரம் கழித்துப் போனால் அழுத்தம் ஏறியிருக்கும், உச்சி வெயிலைவிட அதிகாலையில் எடையும் கூடுதலாக ஏறும். பெட்ரோல் டேங்கைக் காலியாக விடாதீர்கள். உள்ளே இருக்கும் பம்பைக் குளிர்விப்பது பெட்ரோல்தான். கால் டேங்க் எப்போதும் இருக்கட்டும், வாரம் ஒருமுறை பத்து கி.மீ. பெட்ரோலில் ஓட்டுங்கள்.

கேள்வி (சேலம்): ஹைட்ரஜன் கார் வரும்வரை பொறுக்கலாமா?

பதில்: வேண்டாம். டொயோட்டா மிராய் 2022-இல் இந்தியாவுக்குச் சோதனைக்கு வந்தது. நீங்கள் போய் ஹைட்ரஜன் நிரப்ப சேலத்தில் பங்க் கிடையாது.

கேள்வி (வேலூர்): மூன்று வருடம் ஓடிய மின்சார கார் பாதி விலைக்கு வருகிறது. எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பேட்டரியைத்தான். பெரும்பாலான கம்பெனிகள் அதற்கு 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. வாரன்ட்டி தருகின்றன. இரண்டாம் உரிமையாளருக்கு அது முழுதாகத் தொடருமா என்று வாரன்ட்டி புத்தகத்தில் படியுங்கள். சிலவற்றில் முதல் உரிமையாளரோடு குறைந்துவிடும். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஆரோக்கிய அறிக்கை எடுத்துத் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

100 சதவீதம் சார்ஜில் எடுத்து 50 கி.மீ. ஓட்டுங்கள். 25 சதவீதம் குறைந்திருந்தால் முழு சார்ஜில் 200 கி.மீ.தான். பிறகு லிஃப்டில் ஏற்றி அடியில் பாருங்கள். வேகத்தடையில் இடித்துப் பேட்டரிப் பெட்டியின் உலோகம் உள்வாங்கியிருந்தால் வாரன்ட்டி மறுக்கப்படலாம். தரை விரிப்பைத் தூக்கி, சீட் தண்டவாளத்தில் துருவோ சேற்றுப் படிவோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் வெள்ளத்தில் நின்ற கார். சாவி போட்டும் காரில் அசைவே இல்லை என்றால் மட்டும் பயந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது 12 வோல்ட் சிறிய பேட்டரி தீர்ந்திருப்பதுதான். அதை மாற்றச் சொல்லி மறுநாள் மீண்டும் ஓட்டிப் பாருங்கள். சார்ஜர் கேபிளையும் கையோடு கேட்டு வாங்குங்கள், தனியாக வாங்கினால் பல ஆயிரம் ஆகும்.