பிரான்ஸ்ல முக்காடோட 22 வருஷம்: கேட்ட கேள்விகளுக்கு என் பதில்

எல்லாருக்கும் சலாம், வணக்கம். நான் காரைக்கால்காரி. எங்க தாத்தா 1962ல காரைக்கால் சட்டப்படி இந்தியாவோட சேர்ந்தப்ப பிரெஞ்சு குடியுரிமை எடுத்துக்கிட்டவரு, அந்த வழியில வந்த சொந்தத்துல கல்யாணம் ஆகி பாரிஸ் பக்கத்துல வந்து 22 வருஷம் ஆச்சு. தலைக்கு முக்காடு போடுவேன், முகம் மூடறதில்ல. இங்க இருக்கற நம்ம ஜனங்களுக்கு ஸ்கூல், வேலை, ஆஸ்பத்திரின்னு கூடவே போய் பேசி, மனு எழுதிக் குடுத்து எழுதிக் குடுத்தே இந்தச் சட்டமெல்லாம் பழகிப்போச்சு. கேள்வி நிறைய வந்திருக்கு, ஒண்ணொண்ணா சொல்றேன்.

கேள்வி (தஞ்சாவூர் தம்பி): பிரான்ஸ்ல புர்காவுக்கே தடைன்னு நியூஸ்ல படிச்சேன். அப்புறம் நீங்க எப்படிக்கா போட்டுக்கிட்டு இருக்கீங்க?

தம்பி, இதுலதான் எல்லாரும் குழம்பறாங்க. தலைய மட்டும் மூடறது ஹிஜாப், நம்ம ஊர்ல முக்காடுன்னு சொல்றது. கண்ணு மட்டும் தெரியற மாதிரி முகத்தையும் மூடினா நிகாப். பிரான்ஸ்ல பொது இடத்துல முகத்த மூடக்கூடாதுன்னு 2010ல சட்டம் போட்டாங்க, 2011 ஏப்ரல் 11ல இருந்து அமல், மாட்டினா 150 யூரோ வரைக்கும் அபராதம். அந்தச் சட்டம் வர்றப்ப அரசாங்கமே சொன்ன கணக்குல நாடு முழுக்க முகம் மூடறவங்க சுமார் 1,900 பேர்தான். தெருவுல கடையில பஸ்ல முக்காடு போட்டுக்கிட்டுப் போக எந்தத் தடையும் இல்ல. ஆனா கவர்மென்ட் ஸ்கூல்ல படிக்கற பிள்ளைங்க 2004 சட்டப்படி போடக்கூடாது, அரசு வேலையில இருக்கறவங்களும் போடக்கூடாது. யுனிவர்சிட்டில படிக்கறவங்க போடலாம். இதே 2004 சட்டத்துல சீக்கியப் பசங்களோட தலைப்பாகையும் மாட்டிக்கிச்சு, அதப் பத்தி யாரும் பேசறதே இல்ல.

கேள்வி (கோவை மாணவி): சுதந்திரம்னு சொல்ற நாடு ஏன் ஒரு துணிக்கு இவ்ளோ பயப்படுது லாத்தா?

நல்ல கேள்விமா, இதுக்குக் கொஞ்சம் நீளமா சொல்றேன். பிரெஞ்சுக்காரங்க மதத்தோட சண்டை போட ஆரம்பிச்சது நம்மளோட இல்ல, அவங்க கத்தோலிக்க சர்ச்சோட. நூறு வருஷத்துக்கும் மேல, ஸ்கூல் யாரு கையில இருக்கணும், பாதிரியார் கையிலயா அரசாங்கத்து கையிலயான்னு இழுபறி. கடைசியில 1905ல சர்ச்சையும் அரசையும் பிரிச்சு சட்டம் போட்டாங்க. அந்த விவாதத்துல ஒரு எம்.பி எந்திரிச்சு, பாதிரியார் தெருவுல அங்கி போட்டுக்கிட்டு நடக்கறதையும் தடை பண்ணணும்னு கேட்டாரு. அந்தச் சட்டத்த முன்னால நின்னு நடத்தின அரிஸ்டீட் பிரியான் முடியாதுன்னுட்டாரு. நாம அங்கிய தடை பண்ணினா பாதிரியாரும் தையக்காரரும் சேர்ந்து வேற ஒரு டிரஸ் கண்டுபிடிச்சிருவாங்க, அப்புறம் அதையும் தடை பண்ணிக்கிட்டே போகணும்னு சொன்னாரு. நான் இத முதல்ல படிச்சப்ப புத்தகத்த மூடி வச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். ஏன்னா அவரு பயந்தது அப்படியே நடந்திருக்கு பாருங்க. 1989ல கிரேய்ங்கற ஊர்ல மூணு பிள்ளைங்கள முக்காட்டுக்காக ஸ்கூல்ல இருந்து அனுப்பினாங்க, 2004ல முக்காட்டுக்குத் தடை, பிள்ளைங்க கீழ பாவாடைய நீளமா போட்டுக்கிட்டு வந்தாங்க, அதுக்கும் பிரச்சினை, 2023 செப்டம்பர்ல தொளதொளன்னு போடற அபாயாவுக்கும் தடை. அன்னைக்கு ஸ்கூல் திறந்தப்ப கிட்டத்தட்ட 300 பிள்ளைங்க அபாயாவோட வந்ததா மந்திரியே கணக்கு சொன்னாரு, அதுல 67 பேர் கழட்ட மாட்டேன்னு வீட்டுக்குத் திரும்பிட்டாங்க. இப்ப நீளக் கவுன் போட்ட பிள்ளைய நிறுத்தி இது மதமா ஃபேஷனான்னு வாசல்லயே டீச்சர் கேக்கவேண்டி இருக்கு, பாவம் அந்த டீச்சரும்தான்.

இன்னொரு காரணம் அல்ஜீரியா. அங்க 132 வருஷம் ஆண்டவங்க, 1958ல அல்ஜியர்ஸ் நகரத்துல மேடை போட்டு முஸ்லிம் பொம்பளைங்க முக்காட்ட கழட்டறத ஒரு விழாவாவே நடத்தினாங்க. அந்தப் பழைய நினைப்பு ரெண்டு பக்கமும் இன்னும் போகல.

கேள்வி (பேர் வேண்டாம்): ஊரோடு ஒத்து வாழ்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. பிழைக்கப் போன இடத்துல அவங்க மாதிரி இருந்தா என்ன குறைஞ்சிடும்?

அண்ணே, நீங்க வெளிப்படையா கேட்டது நல்லது, பலர் மனசுல இதுதான் இருக்கு. ஊருன்னா யாரு, அத முதல்ல பாக்கணும்ல? இங்க முக்காடு போடற பிள்ளைங்கள்ல நிறைய பேர் இங்கயே பொறந்தவங்க, பாட்டன் வந்து கார் கம்பெனியில உழைச்சது மூணு தலைமுறைக்கு முன்னாடி. வெள்ளைக்கார அப்பா அம்மாவுக்குப் பொறந்து இஸ்லாத்துக்கு வந்தவங்களும் இருக்காங்க. அவங்கள எந்த ஊருக்குப் போகச் சொல்றது? வரி கட்டறது, வரிசையில நிக்கறது, பக்கத்து வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லன்னா ஓடறது, இதெல்லாம்தான் ஒத்து வாழறதுன்னு எங்க வாப்பா எனக்குச் சொல்லி அனுப்பினாரு. எங்க உம்மா காரைக்கால் கடைத்தெருவுக்கு வெள்ளை துப்பட்டி போத்திக்கிட்டுதான் போவாங்க, எதிர்ல வர்ற செட்டியார் வீட்டு ஆச்சியோ மாதா கோயில் சிஸ்டரோ அத ஒரு விஷயமா நினைச்சதே இல்ல.

கேள்வி (சென்னை, ஐடி வேலை): ஆனா அக்கா, வீட்டுல கட்டாயப்படுத்திதானே போட வைக்கறாங்க? சட்டம் அந்தப் பொண்ணுங்கள காப்பாத்தலையா?

கட்டாயப்படுத்தற வீடு இருக்கு. நான் மறைக்க மாட்டேன். ஒரு பொண்ணு என்கிட்டயே வந்து, அண்ணன் மிரட்டறான்னு அழுதிருக்கா, அவளுக்காக நான் அவங்க வீட்டுக்கே போய் பேசியிருக்கேன், அந்த வீட்டு வாசல் எனக்கு இன்னைக்கு வரைக்கும் மூடிதான் இருக்கு. 2010 சட்டத்துல இதுக்குன்னே ஒரு பிரிவு இருக்கு, ஒரு பொண்ண முகம் மூடச் சொல்லி கட்டாயப்படுத்தினா ஒரு வருஷம் ஜெயில், 30,000 யூரோ அபராதம். எனக்கு அந்தப் பிரிவுல ஒரு ஆட்சேபமும் இல்ல. ஆனா நடைமுறையில அபராதம் வந்து விழறது போட்டவ தலையிலதான். அவள உண்மையிலயே புருஷன் அடக்கி வச்சிருந்தா, இந்தச் சட்டத்துக்கு அப்புறம் அவ என்ன ஆவா? வெளிய வர்றதையே நிறுத்திடுவா.

ஸ்கூல் சட்டத்தால படிப்பு ஏறிச்சா இறங்கிச்சான்னு ஆராய்ச்சியே நடந்திருக்கு. ஸ்டான்ஃபோர்டுல ஆலா அப்தெல்காதிர், வாசிலிகி ஃபோக்கான்னு ரெண்டு பேர் 2020ல வெளியிட்ட ஆய்வுல, 2004 தடை முஸ்லிம் பிள்ளைங்களோட பள்ளிப் படிப்ப பின்னுக்கு இழுத்துச்சுன்னு காட்டினாங்க. பிரான்ஸ்லயே வேற சில பொருளாதார ஆய்வாளருங்க பளிச்சுன்னு தெரியற மத அடையாளத்த ஸ்கூல்ல அனுமதிக்காதீங்கன்னு 1994ல வந்த அரசு சுற்றறிக்கைய எடுத்துக்கிட்டு அது நல்லது பண்ணிச்சுன்னு சொல்றாங்க. ரெண்டையும் படிச்சேன். நான் கண்ணால பாக்கறது ஸ்கூல் வாசல்தான். காலைல எட்டு மணிக்கு முன்னாடி அந்த மதில் ஓரம் போய் நின்னா தெரியும், பிள்ளைங்க வரிசையா நின்னு ஊசிய ஒண்ணொண்ணா உருவி வாயில கடிச்சுக்கிட்டு, துணிய நாலா மடிச்சு பையில பென்சில் பாக்ஸுக்கு அடியில சொருகிட்டு, செல்போன் ஸ்கிரீனக் கண்ணாடி மாதிரி பிடிச்சு முடிய கையாலயே படிய வாரிக்கிட்டு, தலை குனிஞ்சு உள்ள போறத. சாயங்காலம் அதே இடத்துல திரும்ப எல்லாம் தலைகீழா. பதினாலு வயசுப் பிள்ளை தெருவுல எல்லாரும் பாக்க தினம் ரெண்டு வேளை இதச் செய்யறா. அதப் பாத்தா எனக்கு நெஞ்சு அடைக்கும்.

கேள்வி (பெங்களூர்): ஜெர்மனில வேலை தேடப்போறேன். முக்காட்டால வேலை கிடைக்காம போகுமா?

பொய் சொல்லி தைரியம் குடுக்க மாட்டேன்மா. டோரிஸ் வெய்க்செல்பௌமர்னு ஒரு ஆய்வாளர், ஜெர்மன் கம்பெனிகளுக்கு கிட்டத்தட்ட 1,500 விண்ணப்பம் அனுப்பினாங்க, படிப்பு அனுபவம் எல்லாம் ஒண்ணு, போட்டோல இருக்கறதும் ஒரே பொண்ணு. ஜெர்மன் பேர் போட்டு அனுப்பினதுக்கு 18.8 சதவீதம் இன்டர்வியூ அழைப்பு, துருக்கிப் பேர் போட்டதுக்கு 13.5, அதே துருக்கிப் பேரோட போட்டோல முக்காடும் போட்டதுக்கு 4.2. 2016ல வந்தது இது. ஒரே முகம்மா, மேல ஒரு முழத் துணி, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால நாலு இடத்துக்குப் பதிலா பதினாறு இடத்துக்குப் போடுங்க, பெரிய ஊர்ல, வெளிநாட்டு ஆளுங்க நிறைய இருக்கற கம்பெனியா பாருங்க. இன்னொண்ணு, 2017ல ஐரோப்பிய நீதிமன்றம், எல்லா மத அடையாளத்துக்கும் பொதுவா விதி வச்சிருக்கற தனியார் கம்பெனி முக்காட்டையும் வேண்டாம்னு சொல்லலாம்னு தீர்ப்பு குடுத்திருக்கு, அதனால ஆஃபர்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அந்த விதி எழுத்துல இருக்கான்னு கேட்டு வாங்கிக்கோங்க.

கேள்வி (திருநெல்வேலி, மேலப்பாளையம்): தங்கச்சி எம்.எஸ்சி படிக்க இங்கிலாந்து போறா. பயப்படணுமா?

அங்க சட்டம் எதுவும் தடுக்காது. முக்காடு போட்ட போலீஸே இருக்காங்க, 2016ல ஸ்காட்லாந்து போலீஸ் யூனிஃபார்ம்லயே ஹிஜாப சேர்த்துக்கிச்சு. பாஸ்போர்ட் போட்டோவுக்கும் முகம் முழுசா தெரிஞ்சா மதத்துக்காகப் போடற முக்காட்ட ஏத்துக்கறாங்க, இங்க பிரான்ஸ்ல கழட்டணும். ஆனா ஜனங்க வாய்ப்பேச்சு அரசியல்வாதி பேச்சோட சேர்ந்து ஏறி இறங்கும். 2018 ஆகஸ்ட்ல போரிஸ் ஜான்சன் பத்திரிகையில எழுதறப்ப முகம் மூடறவங்கள தபால் பெட்டியோடயும் பேங்க் கொள்ளைக்காரனோடயும் ஒப்பிட்டாரு, அடுத்த வாரமே முஸ்லிம் பொம்பளைங்க மேல வசவு பல மடங்கு ஏறினதா அங்க புகார் பதிவு பண்ற டெல் மாமா அமைப்பு சொல்லிச்சு. பெரிய மனுஷன் ஒரு வார்த்தை விட்டா பஸ் ஸ்டாப்ல நிக்கற பிள்ளை வாங்கிக் கட்டிக்கறா. தங்கச்சிகிட்ட சொல்லுங்க, ஏதாவது நடந்தா நேரம், இடம், பஸ் நம்பர் உடனே எழுதி வச்சிக்கிட்டு யுனிவர்சிட்டிலயும் போலீஸ்லயும் குடுக்கணும், சும்மா விடக்கூடாது.

கேள்வி (டொராண்டோ): மார்வா எல்-ஷெர்பினி விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது, சொல்லுங்களேன்.

கட்டாயம். எகிப்துல பார்மசி படிச்சு ஜெர்மனில டிரஸ்டன்ல இருந்தவங்க. 2008ல ஒரு விளையாட்டு மைதானத்துல, குழந்தைக்கு ஊஞ்சல் விடச் சொல்லி ஒரு ஆள்கிட்ட கேட்டாங்க, அவன் முக்காட்டப் பாத்துட்டு தீவிரவாதின்னு திட்டினான். இவங்க புகார் குடுத்தாங்க, அவனுக்கு அபராதம் ஆச்சு, வழக்கு மேல்முறையீட்டுக்குப் போச்சு. 2009 ஜூலை 1, கோர்ட்லயே சாட்சி சொல்லி முடிச்ச கையோட அவன் பாஞ்சு கத்தியால குத்திக் கொன்னான். மூணு மாசக் கர்ப்பம் அவங்க. மூணு வயசு மகன் அங்கதான் இருந்தான். காப்பாத்தப் போன புருஷன, தாக்கினவன்னு நினைச்சு போலீஸே கால்ல சுட்டுச்சு. கொன்னவனுக்கு ஆயுள் தண்டனை. நான் ஒவ்வொரு தடவையும் யாருக்காவது புகார் எழுதிக் குடுக்கறப்ப இவங்க ஞாபகம் வரும். சட்டத்த நம்பிப் போனவங்க.

கேள்வி (மதுரை): ஈரான்ல முக்காட்டுக்காகப் பொண்ணு செத்தப்ப நீங்கல்லாம் எங்க போனீங்க?

2022 செப்டம்பர்ல மாசா அமினி செத்தப்ப பாரிஸ்ல நடந்த ஊர்வலத்துல நான் முக்காடோட போனேன். சிலர் முறைச்சாங்க, ஒரு ஈரானிய அம்மா வந்து கையப் பிடிச்சுக்கிட்டாங்க. அதே ஈரான்ல 1936ல ராஜா போலீஸ விட்டு பொம்பளைங்க முக்காட்ட உருவ வச்சாரு, 1979 புரட்சிக்கு அப்புறம் வந்தவங்க போலீஸ விட்டு போட வைக்கறாங்க. ரெண்டு தடவையும் தெருவுல மாட்டினது பொம்பளைதான் அண்ணே. நான் கேக்கறது ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணுதான், என் தலைய என்கிட்ட விடுங்க.

கேள்வி (புதுச்சேரி): சாதாரண ஜனங்க எப்படி? எல்லாருமே வெறுக்கறாங்களா?

இல்லவே இல்ல. முகம் மூடறதுக்குத்தான் எதிர்ப்பு அதிகம். 2010ல பியூங்கற அமெரிக்க ஆய்வு நிறுவனம் நடத்தின கருத்துக்கணிப்புல முகம் மூடறதத் தடுக்கணும்னு பிரான்ஸ்ல 82 சதவீதம், ஜெர்மனில 71, பிரிட்டன்ல 62, அமெரிக்காவுல 28தான் சொன்னாங்க. ஸ்விட்சர்லாந்துல 2021ல ஓட்டெடுப்பே வச்சு 51.2 சதவீதம் தடைக்கு விழுந்துச்சு, அங்க நிகாப் போடறவங்க சில பத்து பேர்தான்னு லூசர்ன் பல்கலைக்கழகத்துல சொன்னாங்க. பாக்காத ஆளப் பத்திதான் பயம் அதிகம் போல. 2019ல டிஜோன்ல ஒரு அம்மா ஸ்கூல் பிள்ளைங்கள மாகாண சபையக் காட்டக் கூட்டிட்டுப் போனப்ப ஒரு கட்சிக்காரர் எந்திரிச்சு முக்காட்ட கழட்டச் சொல்லிக் கத்தினாரு, மகன் பயந்து அழ, அவங்க அவன மடியில கட்டிப்பிடிச்சு உக்காந்திருந்த போட்டோ நாடு முழுக்க போச்சு. நிறைய பிரெஞ்சுக்காரங்க அந்த அம்மா பக்கம் நின்னாங்க.

எங்க மாடியில எதிர் வீட்டுப் பாட்டி ஆறு வருஷம் எனக்கு போன்ஜூர்னு ஒரு வணக்கம் சொன்னதில்ல, லிஃப்ட்ல நான் இருந்தா ஏற மாட்டாங்க. 2020ல கொரோனா வந்து மாஸ்க் கிடைக்காம அல்லாடினப்ப காரைக்கால்ல இருந்து கொண்டுவந்த பருத்தித் துணிய வெட்டி தைச்சு அந்த மாடி முழுக்க குடுத்தேன், அவங்க கதவுலயும் ரெண்ட மாட்டி வச்சேன். ரெண்டு நாள் கழிச்சு கதவத் தட்டி, காது வார் இறுக்கமா இருக்கு, கொஞ்சம் தளர்த்திக் குடுன்னு வந்து நின்னாங்க. இப்ப லிஃப்ட்ல ஏறிடறாங்க. முக்காடு பிடிக்கலன்னுதான் இன்னும் சொல்வாங்க, சொல்லிக்கிட்டே பக்கத்துல நிப்பாங்க.

கேள்வி (நாகூர்): லாத்தா, உங்க பிள்ளைங்க போடறாங்களா?

சின்னவ போடல, நான் கேட்டதும் இல்ல. பெரியவ பதினேழு வயசுல தானா போட ஆரம்பிச்சா. நர்ஸிங் படிக்கறா, வகுப்புல போடலாம், அரசு ஆஸ்பத்திரில பயிற்சிக்குப் போறப்ப கழட்டணும், முடிச்சு வேலைக்குச் சேர்ந்தா அதே கதிதான். மூணு மாசமா யோசிச்சுக்கிட்டே இருந்தா. போன வாரம் லண்டன்ல ஒரு காலேஜுக்கு மாத்தல் கேட்டு எழுதிட்டு வந்து சொல்றா. இங்க பொறந்து இங்க வளந்த பிள்ளை, பிரெஞ்சுலதான் கனவே வரும்னு சொல்வா. இப்ப ராத்திரில உக்காந்து இங்கிலீஷ்ல மருந்துப் பேரெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருக்கா.