கல் மூங்கில் எதற்கெல்லாம் உதவும்? தோட்டத்தில் வளர்த்தால் அதே உறுதி கிடைக்குமா?

மலையில் தானாக வளரும் கல் மூங்கிலின் பயன்களைக் கேட்டிருக்கிறீர்கள். கூடவே, சொட்டுநீர் போட்டு வளர்த்தால் அதே கெட்டித்தனம் வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பின்னதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: வராது.

எனக்குச் சத்தியமங்கலம் மலையடிவாரம். இந்தப் பக்கம் இரண்டு மூங்கில்கள் உண்டு. ஓடைக்கரையில் முள்ளும் சிக்குமாக அடர்ந்து கிடப்பது முள் மூங்கில். பருமனாக இருக்கும், உள்ளே கூடு. மேலே, கல்லும் சரளையுமான வறண்ட சரிவில் முள்ளில்லாமல் ஒல்லியாக நிற்பதுதான் கல் மூங்கில். தாவரவியலில் டெண்ட்ரோகலாமஸ் ஸ்டிரிக்டஸ். வெட்டிப் பார்த்தால் நடுவில் ஓட்டையே இருக்காது, இருந்தாலும் விரல் நுழையாது. மண் வளமாகி ஈரமும் தாராளமாகக் கிடைத்தால் இதே இனம் உள்ளே கூடு விட்டுத்தான் வளரும். அதை உறுதியாக்குவதே வறட்சிதான். ஆண்டுக்கு 750 மி.மீ. மழை பெய்தாலே அதற்குப் போதும். தண்ணீர் தேங்கினால்தான் ஆகாது. ஆகவே நட்ட முதல் ஓரிரு வருடம் உயிர்த்தண்ணீர் விடுங்கள், பிறகு மழை பார்த்துக்கொள்ளட்டும். நல்ல நஞ்சை நிலத்தை இதற்கு ஒதுக்காதீர்கள். மேட்டுக்காட்டில் எதுவும் விளையாத மூலை இருந்தால் அங்கே வையுங்கள்.

பயன் என்றால் எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது போலீஸ் லத்தி. சிலம்பக் கம்பிலும் கனமான வகைக்கு இதை எடுப்பார்கள். வெள்ளைக்காரன் காலத்துக் குதிரைப்படை ஈட்டிகளுக்கும் இந்தக் கழியைத்தான் தேடியிருக்கிறார்கள். வளையும், ஆனால் சட்டென்று ஒடியாது. எங்களுக்கு அன்றாடம் வேண்டியது துறட்டிக் கம்பு, ஏணி, மண்வெட்டிக் காம்பு, தக்காளிக்கும் அவரைக்கும் ஊன்றுகோல், ஆட்டுப்பட்டிக்குப் படல், பந்தல் கால். இதையெல்லாம் நம்பி இதில் செய்யலாம். புல்லாங்குழலுக்கு இது உதவாது, காரணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. கூடை முடையலாம், ஆனால் இளங்கழியாக இருக்க வேண்டும். முற்றியதைப் பிளப்பதற்குள் கை போய்விடும். குருத்தைச் சமைக்கலாம், நன்றாக வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிய பிறகு மட்டும். பச்சைக் குருத்தில் சயனைடு தரும் பொருள் இருக்கிறது.

மூங்கிலரிசியையும் சொல்ல வேண்டும். கடையில் பளிச்சென்ற பச்சை நிறத்தில் விற்பது பெரும்பாலும் மூங்கில் சாறு ஏற்றிய சாதா அரிசி. உண்மையான மூங்கில் விதை கோதுமை மாதிரி மங்கிய பழுப்பாக இருக்கும்.

எதற்குப் பயன்படுத்தினாலும் வெட்டும் பக்குவம் தப்பினால் கழி உளுத்துவிடும். தண்டில் இருக்கும் மாவுச்சத்துக்காகத்தான் வண்டு துளைக்கிறது. கம்புக்குக் கீழே மாவு மாதிரி தூள் கொட்டிக் கிடந்தால் ஆட்டம் முடிந்தது. மழைக்காலம் குருத்து வெளிவரும் நேரம், அப்போது தூருக்குள் அரிவாளோடு போகவே கூடாது. மழை ஓய்ந்து பனி விழும் மாதங்களில் வெட்டுங்கள். மூன்று வருடம் முற்றிய கழியாகப் பாருங்கள். மூங்கில் பருத்துக்கொண்டே போகும் மரமல்ல, முளைக்கும்போது என்ன பருமனோ கடைசிவரை அதே பருமன்தான். ஆகவே தடிமனை வைத்து வயதைச் சொல்ல முடியாது. கணுவில் பாளை ஒட்டிக்கொண்டிருந்தால் இளசு. நிறம் மங்கி, தட்டினால் கணீரென்றால் முற்றல். தரைக்கு மேல் ஒரு கணு விட்டு, அந்தக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். குழியாக விட்டால் மழைநீர் நின்று வேர்க்கிழங்கு அழுகும். முற்றியதெல்லாம் தூரின் நடுவில்தான் இருக்கும். அதை எடுக்கச் சோம்பிக்கொண்டு ஓரத்து இளங்கழிகளை வெட்டினால் இரண்டே வருடத்தில் தூர் நெரிசலாகிவிடும். ஒரு பக்கம் வழி திறந்து, லாட வடிவில் உள்ளே போய் எடுப்பதுதான் முறை.

வெட்டியதைச் சில வாரம் ஓடையிலோ தொட்டியிலோ மூழ்கப் போட்டு நிழலில் உலர்த்தினால் மாவுச்சத்து கரைந்து போகும். நாற்றம் குடலைப் புரட்டும், வீட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். வீட்டு வேலைக்கு என்றால் போராக்ஸ், போரிக் அமிலம் கலந்த கரைசலில் ஊறவைப்பது இன்னும் நல்லது.

சட்டம் பற்றிப் பலருக்குப் பழைய பயம் இருக்கிறது. 1927 வனச் சட்டம் மூங்கிலையும் மரமாகத்தான் கணக்கெடுத்தது. 2017 நவம்பரில் வந்த அவசரச் சட்டமும் அதன் பின் நிறைவேறிய திருத்தமும் அந்தப் பட்டியலிலிருந்து மூங்கிலை நீக்கிவிட்டன. ஆகவே அந்தச் சட்டம் செல்லும் மாநிலங்களில் பட்டா நிலத்தில் வளர்த்ததற்குப் பழைய கெடுபிடி இல்லை. தமிழ்நாட்டுக்கு 1882-ஆம் ஆண்டின் தனி வனச் சட்டம் இருக்கிறது, அதனால் இங்கே வெட்டும் முன் வனத்துறையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். காட்டில் நிற்பது வேறு கதை. 2006 வன உரிமைச் சட்டத்தில் அது சிறு வன மகசூல். அந்த உரிமை அங்கே வாழும் பழங்குடி மக்களுக்கும் மற்ற வனவாசிகளுக்கும் உரியது. நீங்களும் நானும் அரிவாள் எடுத்துக்கொண்டு போனால் வழக்குதான்.

நாற்று வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்த மூங்கில் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கும், பூத்ததும் தூரோடு காய்ந்துவிடும். பழைய தூரிலிருந்து பெயர்த்த கிழங்குக்கும் தாய்த் தூரின் வயதே. தாய் அடுத்த வருடம் பூப்பதாக இருந்தால் உங்கள் தோட்டத்தில் இருப்பதும் கூடவே பூத்துச் சாகும். அதனால் கிழங்கு வேண்டாம். விதையிலிருந்து வந்த நாற்றா, அந்த விதை எந்த வருடம் எடுத்தது என்று கேட்டு வாங்குங்கள். முதல் கம்பு வெட்ட ஆறேழு வருடமாவது ஆகும்.