டிசைன் இன்டர்ன்ஷிப்: கொழும்புப் பயிலுனர்களின் கேள்விகளும் பதில்களும்

கொழும்பு விளம்பரக் கம்பனிகளிலும் டிசைன் ஸ்டுடியோக்களிலும் பயிற்சிக்குச் சேர்ந்திருப்பவர்கள், சேரப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கியிருக்கிறேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: அக்கா, சேர்ந்து மூணு கிழமை ஆகுது. யாரோ செஞ்ச டிசைனை வேற வேற சைஸுக்கு மாத்துற வேலை மட்டும்தான் தர்றாங்க. இதுல என்ன படிக்கலாம்?

பதில்: நிறைய. 1080க்கு 1080 பிக்சல் சதுர இன்ஸ்டகிராம் பதிவை 1080க்கு 1920 ஸ்டோரியாக மாற்றும்போது எல்லாவற்றையும் பிடித்து இழுத்தால் போதாது. ஸ்டோரியில் மேலே 250, கீழே 340 பிக்சல் அளவுக்கு எழுத்தும் லோகோவும் இல்லாமல் விடுங்கள்; கணக்கின் பெயரும் பதில் எழுதும் பெட்டியும் அந்த இடத்தை மூடிவிடும். வெப் பேனரில் அகலம் இருக்கும், உயரம் இருக்காது. அங்கே நாலு செய்தியில் இரண்டையாவது எடுக்க வேண்டிவரும். எந்த இரண்டு என்று நீங்களே முடிவுசெய்து, காரணத்தையும் எழுதிக்கொண்டு போய் மூத்த டிசைனரிடம் காட்டுங்கள். சைஸ் மாற்றுகிற வேலையில் படிப்பு இருப்பது அங்கேதான்.

ஃபைல் பெயரையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள்: கிளையன்ட், வேலை, அளவு, மொழி, திகதி, பதிப்பு எண். திகதியில் ஆண்டு முன்னுக்கு வந்தால் ஃபைல்கள் தாமாகவே வரிசையில் நிற்கும். ‘ஃபைனல் புதுசு 2’ என்ற பெயரை அடுத்த மேசையில் இருப்பவர் திறக்கத் துணியமாட்டார்.

வெள்ளவத்தையிலிருந்து: இலஸ்ட்ரேட்டர் எண்ட டிசைன் மென்பொருளில தமிழ் ஒட்டினா ‘கொ’ உடைஞ்சு, கொம்பு எங்கேயோ போய் நிக்குது. கிளையன்ட் தாறது பாமினியில. என்ன செய்யிறது?

பதில்: இரண்டும் வேறு வேறு பிரச்சினை.

உடைவது யூனிகோட் (எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீட்டு முறை) தமிழ் என்றால் பிழை எழுத்துருவில் இருப்பது அபூர்வம். எழுத்துகளைக் கோத்து வரியில் அடுக்கும் கம்போசர்தான் காரணம். இலஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்சஸுக்குள் டைப் பகுதியில் ‘ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். பிறகு பரகிராப் பேனலின் மெனுவில் ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்’ கம்போசரை எடுங்கள். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் அதே இடத்தில் ‘அடோபி வேர்ல்ட்-ரெடி பரகிராப் கம்போசர்’ இருக்கும். ஏற்கனவே ஒட்டிய எழுத்து பழைய கம்போசரிலேயே நிற்கும். அதைத் தெரிவுசெய்து தனியாக மாற்ற வேண்டும். பரகிராப் ஸ்டைலுக்குள் கம்போசரைப் பதித்துவிட்டால் பக்கம் பக்கமாக அலையத் தேவையில்லை.

பாமினி வேறு கதை. அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த எழுத்துரு. சிங்களத்தில் எஃப்எம் அபயவும் அப்படியே. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றியே ஆகவேண்டும். ஆனால் முழுப் பக்கத்தையும் ஒரேயடியாக மாற்றும் கருவியில் போடாதீர்கள். இடையில் இருக்கும் ஆங்கிலப் பெயர், மின்னஞ்சல் முகவரி எல்லாம் அர்த்தமில்லாத தமிழாக மாறிவிடும். தமிழ்ப் பகுதிகளை மட்டும் பிரித்து மாற்றுங்கள். பிறகு மூன்று இடங்களைக் கண்ணால் பாருங்கள்: துணைக்காலும் (ா) ‘ர’வும் இடம் மாறியிருக்கிறதா, ‘கௌ’ வரவேண்டிய இடத்தில் ‘கெ’யும் ‘ள’வும் தனித்தனியாக நிற்கிறதா, ‘ஸ்ரீ’ சரியாக வந்திருக்கிறதா. இரண்டாவது பிழை அச்சில் ஏறக்குறைய தெரியாது. இணையத்தில் அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது.

மொரட்டுவைப் பல்கலைக்கழக மாணவி: மூன்று மொழித் துண்டுப்பிரசுரம் தந்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அழகாக வந்த லேஅவுட் தமிழில் நிரம்பி வழிகிறது. எழுத்தைச் சிறிதாக்குவதா?

பதில்: சிறிதாக்க வேண்டாம், எழுத்தை அகலத்தில் நசுக்கவும் வேண்டாம். தமிழிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் அதிக இடம் கேட்பது தமிழ்தான். தமிழ் வசதியாக உட்காருகிற கட்டத்தில் மற்ற இரண்டையும் வைப்பது சுலபம், மறுபக்கமாகப் போனால் சண்டைதான்.

மூன்று மொழிக்கும் ஒரே பாயிண்ட் (எழுத்தளவு) என்பது நியாயம்போலத் தோன்றும், கண்ணுக்கு அப்படி இராது. ஆங்கிலம் 10 பாயிண்ட் என்றால், பக்கத்தில் தமிழை 9, 9.5, 10 என்று மூன்று அளவில் வைத்து லேசர் பிரிண்டரில் 100 சதவீதத்தில் எடுத்துப் பாருங்கள். எந்த வரி மற்றதைவிடச் சத்தமாகத் தெரியவில்லையோ அந்த அளவே சரி. வரி இடைவெளியை எழுத்தளவின் 1.5 மடங்கில் தொடங்குங்கள். ஆங்கிலத்துக்குப் போதுமான 1.2இல், மேல் வரியின் ‘மூ’, ‘கு’ வால்கள் கீழ் வரியின் ‘கி’, ‘றீ’ சுழிகளில் முட்டும். சிங்களத்துக்கும் மேலும் கீழும் குறிகள் இருப்பதால் அதே எச்சரிக்கை.

இன்னும் சில. இன்டிசைனில் தமிழுக்கு டிராக்கிங் (எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளி) கூட்டினால் துணைக்கால் எழுத்தைவிட்டு விலகி நிற்கலாம், பூச்சியத்தில் விடுங்கள். மென்பொருள் தானாகத் தடிப்பாக்கும் போலி போல்ட் போட்டால் ‘ண’, ‘ணை’யின் உள்வெளி அடைபடும், உண்மையான போல்ட் உள்ள குடும்பத்தை எடுங்கள். ஆங்கிலத்தில் சாய்வெழுத்து வரும் இடத்தில் தமிழுக்கு எடை மாற்றமோ நிறமோ போதும். இரண்டு பக்கமும் நேராக்கிய பத்திகளில் நீளச் சொற்களால் ஓட்டை விழும், இடப்பக்கம் மட்டும் நேராக்குங்கள். சொல்லை உடைத்தே தீரவேண்டுமென்றால் அடுத்த வரி புள்ளி வைத்த மெய்யில் தொடங்கக்கூடாது.

அதே மாணவி: ஒஃபிஸில் தமிழ் வாசிக்கிறவர் நான் ஒருவர்தான். எல்லாவற்றையும் என்னிடம் சரிபார்க்கச் சொல்கிறார்கள்.

பதில்: பாருங்கள், ஆனால் வேர்ட் பிரதியை அல்ல, அச்சுக்குப் போகும் கடைசி பிடிஎஃப்பை. பிழை பெரும்பாலும் ஒட்டும்போதுதான் நுழைகிறது. திருத்தத்தை வாயால் சொல்லாமல் பிடிஎஃப்பிலேயே குறித்து மின்னஞ்சலில் அனுப்புங்கள். மொழிபெயர்ப்பே பிழை என்றால் நீங்களாக மாற்றி எழுதாமல் கிளையன்டுக்குத் திருப்பச் சொல்லுங்கள். அந்தப் பொறுப்பு பயிலுனருடையது அல்ல. சிங்களம் வாசிக்கத் தெரியாதென்றால் சிங்கள வரியை நீங்கள் உடைக்காதீர்கள், பக்கத்தில் உள்ளவரைக் கேளுங்கள்.

மருதானையிலிருந்து: பிரஸ்ஸுக்கு அனுப்புற ஃபைல் அடிக்கடி திரும்பி வருது. எதைப் பாக்கணும்?

பதில்: ஓரத்தில் 3 மில்லிமீற்றர் பிளீட் (வெட்டுக்கோட்டுக்கு வெளியேயும் நீளும் நிறம்), வெட்டுக்கோட்டிலிருந்து உள்ளே குறைந்தது 5 மில்லிமீற்றர் எழுத்தில்லாத இடம். சிறிய எழுத்துக்குக் கருப்பு மை மட்டும், 100 சதவீதம். நாலு நிறத்தையும் சேர்த்த கருப்பில் எழுத்து வைத்தால், அச்சுப் பிளேட் ஒரு மயிரிழை நகர்ந்தாலே விளிம்பில் நிறம் கசியும். பெரிய கருப்புப் பரப்புக்கு சியான் 60, மஜென்டா 40, மஞ்சள் 40, கருப்பு 100 நன்றாக இருக்கும். அதன் மேல் வெள்ளையில் சிறிய தமிழ் எழுத்து வேண்டாம், மை சுழிகளை அடைத்துவிடும். நீலம் ஊதாவாக வந்து சண்டை நடக்கும் இடமும் உண்டு: மஜென்டா, சியானைவிடக் குறைந்தது 30 குறைவாக இருக்கட்டும்.

ஏ4ஐ மூன்றாக உள்ளே மடித்தால் பாகங்கள் சமமாக இருக்கக்கூடாது. 100, 100, 97 மில்லிமீற்றர். உள்ளே போகிற பாகம் 97. மறுபக்கத்தில் இந்த ஒழுங்கு தலைகீழாக வரும், இதை மறந்துதான் மடிப்புக் கோடு முகத்தின் நடுவே விழுகிறது. நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்கங்கள் நாலின் பெருக்கமாக இருக்கவேண்டும்.

வட்ஸ்அப்பில் படமாக வந்த லோகோவை அச்சுக்கு எடுக்காதீர்கள், பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் ஃபைல் கேளுங்கள். கடதாசி பற்றித் திரையில் முடிவெடுக்காமல், புறக்கோட்டை மலிபன் வீதிக் கடைகளில் 130 ஜிஎஸ்எம்மையும் (சதுர மீற்றருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு) 170 ஜிஎஸ்எம்மையும் கையால் தொட்டு, மடித்துப் பாருங்கள்.

தெஹிவளையிலிருந்து: ‘இதில் ஒரு உயிர் இல்லை’ என்று மட்டும் சொல்லித் திருப்பி அனுப்புகிறார் சேர்.

பதில்: ‘முதலில் உங்கள் கண் எங்கே போனது?’ என்று கேளுங்கள். பதில் தலைப்பு இல்லையென்றால் பிரச்சினை அளவிலோ நிற வேறுபாட்டிலோ இருக்கிறது. மூன்று தெரிவு கொண்டுபோனால் மூன்றும் மூன்று யோசனையாக இருக்கட்டும். ஒரே லேஅவுட்டை மூன்று நிறத்தில் காட்டினால் அது ஒரு தெரிவுதான்.

பம்பலப்பிட்டியிலிருந்து: பயிற்சி முடிய, செய்த வேலைகளை போர்ட்ஃபோலியோவில் போடலாமா? சம்பளத்தில் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) வருமா?

பதில்: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, வேலையின் பகுதியாக ஊழியர் உருவாக்கியதன் பொருளாதார உரிமை, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், தொழில்தருநருக்கே. ஆகவே கடைசி நாளுக்கு முன் எழுத்தில் அனுமதி கேளுங்கள்: எந்தெந்த வேலை, எங்கே காட்டப்போகிறீர்கள், வெளியான பிறகா முன்பா. வெளியாகாத பிரசாரத்தைக் காட்டவே வேண்டாம். ஒவ்வொன்றின் கீழும் உங்கள் பங்கைச் சொல்லுங்கள்: ‘மூலக் கருத்து மூத்த டிசைனர், தமிழ், சிங்கள வடிவங்களும் அச்சு ஃபைலும் நான்’. இப்படி எழுதியவரை நேர்முகத்தில் மேலும் கேட்பார்கள். எல்லாம் நானே என்று எழுதியவரைச் சந்தேகிப்பார்கள்.

சம்பளமாகத் தந்தால் ஈபிஎஃப்புக்கு உங்களிடமிருந்து 8 சதவீதமும் கம்பனியிலிருந்து 12 சதவீதமும், ஈடிஎஃப்புக்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) கம்பனியிலிருந்து 3 சதவீதமும் போகவேண்டும். கடிதத்தில் இருப்பது சம்பளமா, பயிற்சிக் கொடுப்பனவா என்று கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்.