பல்லேடியம் கேள்விகள்: லிகண்டின் பெயரை முதலில் எழுதுங்கள்

(லிகண்ட் என்பது பல்லேடியத்தோடு ஒட்டி அதன் வேலையை மாற்றும் மூலக்கூறு; பாஸ்பீன்கள் அந்த வகை. சுசுகி வினை, பல்லேடியத்தை வினையூக்கியாக வைத்து போரான் சேர்மத்தையும் ஹாலைடையும் கார்பன்-கார்பன் பிணைப்பால் இணைப்பது.)

அரைல் குளோரைடில் (பென்சீன் போன்ற வளையத்தில் குளோரின் உள்ள சேர்மத்தில்) சுசுகி வினை நகரவே இல்லை. டிரைபீனைல்பாஸ்பீன் போட்டிருக்கிறேன். சூட்டைக் கூட்டலாமா? (அஸ்தம்பட்டி)

கூட்டிப் பயனில்லை. அயோடைடு, புரோமைடுக்கு டிரைபீனைல்பாஸ்பீன் போதும். குளோரைடின் பிணைப்பு வலுவானது. அதை உடைக்க எலெக்ட்ரானை அள்ளித் தரும் பருத்த பாஸ்பீன் வேண்டும். எஸ்பாஸ் அல்லது எக்ஸ்பாஸ் போட்டுப் பாருங்கள். லிகண்ட் பருத்திருந்தால் பல்லேடியத்தில் ஒன்றுதான் தங்கும். குளோரைடைத் தாக்குவது அந்த நிலைதான். ஆக்சிஜன் வெளியேற, கரைப்பானில் முதலில் நைட்ரஜனை ஓடவிடுங்கள்.

டெட்ராகிஸ் (நான்கு டிரைபீனைல்பாஸ்பீன் கொண்ட பல்லேடியம் வினையூக்கி) பழுப்பாகிவிட்டது. பயன்படுத்தலாமா? (சூரமங்கலம்)

வேண்டாம். நல்ல டெட்ராகிஸ் மஞ்சளாக இருக்கும்.

சேலத்தில் முடிந்த டொலுவீன் ரிஃப்ளக்ஸ் (கரைப்பானைக் கொதிக்கவிட்டு ஆவியைக் குளிர்வித்துத் திருப்பும்) வினை ஏற்காட்டில் இழுக்கிறது. லிகண்ட் கெட்டுவிட்டதா? (ஏற்காடு)

லிகண்டின் மேல் பழி போடாதீர்கள். 1,500 மீட்டர் உயரத்தில் டொலுவீன் 110-க்குப் பதில் சுமார் 105 டிகிரியிலேயே கொதித்துவிடும். உள்வெப்பநிலையை அளந்து எழுதுங்கள்.

சுசுகி முறையில் செய்த பாலிமரின் மூலக்கூறு எடை ஏறவில்லை. ஏன்? (ஓமலூர்)

இவ்வளவுதான் கடிதம். லிகண்ட் எது, மோனோமர் (பாலிமரைக் கட்டும் சிறு மூலக்கூறு) எவ்வளவு சுத்தம், எதுவும் இல்லை. இப்படி எழுதினால் யாரால் பதில் சொல்ல முடியும்? பெரும்பாலும் டிரைபீனைல்பாஸ்பீனாகத்தான் இருக்கும். மலிவு என்பதற்காக எல்லாரும் அதையே எடுக்கிறார்கள். எனக்கு இது தீராத வருத்தம். பல்லேடியத்தில் இருக்கும் அரைல் தொகுதியும் பாஸ்பீனின் பீனைலும் இடம் மாறிக்கொள்ளும். அந்தப் பீனைல் சங்கிலி நுனியில் ஏறினால் வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும். சங்கிலிக்குள் பாஸ்பரசும் நுழையலாம். சிறு மூலக்கூறு என்றால் காலம் குரோமடோகிராஃபி ஓட்டிப் பக்கவிளைபொருளைப் பிரித்துவிடலாம். பாலிமரில் பிழை சங்கிலியோடு பிணைந்துவிடும், பிரிக்க வழியே இல்லை. டிரை-ஆர்த்தோ-டொலைல்பாஸ்பீனுக்கு மாறுங்கள், அதன் மெத்தில் தொகுதிகள் குறுக்கே நின்று இந்த மாற்றத்தைக் குறைக்கும்.

அப்புறம், எடை போடுவது. இரண்டு மோனோமர்களில் ஒன்று 1 சதவீதம் குறைந்தாலே, வினை முழுதாக முடிந்தாலும் சங்கிலி சராசரியாக 200 அலகைத் தாண்டாது. போரான் மோனோமராகப் போடும் போரானிக் அமிலம் நீரை இழந்து பாதி போராக்சினாகிக் கிடக்கும், எடை தப்பும். அதற்குப் பதில் அதன் பினாகால் எஸ்டரை வாங்குங்கள். நைட்ரஜன் இங்கேயும் கட்டாயம்: பாஸ்பீன் ஆக்சைடானால் அது லிகண்டே இல்லை.

பாலிமர் கறுத்திருக்கிறது. (அம்மாபேட்டை)

பல்லேடியம் தங்கியிருக்கும். சோடியம் டைஎத்தில்டைதயோகார்பமேட் நீர்க்கரைசலோடு சூடாகக் கலக்கிக் கழுவி, மெத்தனாலில் வீழ்படிவாக்குங்கள்.