டொனாலியின் ஆட்டம்: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஐரோப்பியக் கால்பந்து குறித்து நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். சில காலமாக நியூகாசில் யுனைடெட் அணியின் ஆட்டங்களைத் தவறாமல் பார்க்கிறேன். அவ்வணியின் இத்தாலிய நடுக்கள ஆட்டக்காரர் சாண்ட்ரோ டொனாலியைப் பற்றி எதை வாசித்தாலும் முன்னாள் இத்தாலிய நடுக்கள ஆட்டக்காரர் ஆந்த்ரேயா பிர்லோவை நினைவூட்டி "பிர்லோவின் வாரிசு" என்ற பட்டம் எங்கேனும் வந்துவிடுகிறது. நான் பார்த்த பிர்லோ பெரும்பாலும் நடந்துகொண்டே இருந்தார், பந்துதான் ஓடியது. டொனாலியோ ஓய்வில்லாமல் ஓடுகிறார், விழுந்து பந்தைப் பறிக்கிறார். என் பார்வையில் கோளாறா, பட்டத்தில் கோளாறா? நிதானமாக ஆட்டத்தை நடத்தும் இத்தாலிய மரபு இவரைப் போன்றவர்களோடு முடிந்துவிட்டதா? கடைசியாக ஒன்று: பந்தயச் சூதாட்டத்துக்காகத் தடை பெற்ற ஒருவரைப் பாராட்டிப் பேச எனக்குச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
ம. செ., திருச்சி

அன்புள்ள ம. செ.,

உங்கள் பார்வையில் கோளாறு எதுவும் இல்லை. அந்தப் பட்டம் அவருடைய ஆட்டத்தைப் பார்த்து வந்ததைவிட, அவருடைய தலைமுடியையும் அவர் வளர்ந்த அணியையும் பார்த்து வந்தது என்பதே என் எண்ணம்.

டொனாலி 2000-ஆம் ஆண்டு மே 8 அன்று மிலான் நகருக்கு அருகிலுள்ள லோடியில் பிறந்தவர். பியாசென்சா அணியின் சிறுவர் பிரிவில் இருந்தார். அந்த அணி 2012-இல் நொடித்துப்போனபோது பிரெஷா அணிக்கு வந்து சேர்ந்தார். ஆந்த்ரேயா பிர்லோவை உருவாக்கியதும் அதே பிரெஷாதான். 2017 ஆகஸ்டில், பதினேழு வயதில், இரண்டாம் நிலைத் தொடரான சீரி பி-யில் அறிமுகமான இவர் தடுப்பாட்டக்காரர்களுக்குச் சற்று முன்னால், பிர்லோ பிற்காலத்தில் ஆடிய அதே இடத்தில் நின்றார். தோளைத் தொடும் முடி வேறு. இவ்வளவும் கூடிய பிறகு இத்தாலியப் பத்திரிகைகளுக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. 2018 நவம்பரில், இரண்டாம் நிலைத் தொடரில் ஆடிக்கொண்டிருந்த நிலையிலேயே, இத்தாலியின் அப்போதைய பயிற்சியாளர் ரொபர்ட்டோ மான்சினி அவரைத் தேசிய அணிக்கு அழைத்ததும் அந்தப் பட்டம் நிலைத்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஒப்பீடு பிர்லோவின் வரலாற்றோடும் ஒட்டவில்லை. அதே இளம் வயதில் பிர்லோ எங்கே நின்றார் என்று பாருங்கள். அவர் முன்களத்துக்குப் பின்னால் ஆடும் படைப்பாளியாகத் தொடங்கியவர். இண்டர் அணியில் இடம் கிடைக்காமல் தடுமாறியவர். 2001-இல் அவர் கடனாக (அதாவது தற்காலிகமாக) இண்டரிலிருந்து பிரெஷாவுக்குத் திரும்பி வந்தபோது அவருடைய இடத்தில் நட்சத்திர ஆட்டக்காரர் ரொபர்ட்டோ பாஜ்ஜோ ஆடிக்கொண்டிருந்தார். பாஜ்ஜோவை நகர்த்த எந்தப் பயிற்சியாளருக்கும் மனம் வராது என்பதால் பிரெஷாவின் பயிற்சியாளர் கார்லோ மட்சோனே பிர்லோவைப் பின்னுக்கு இழுத்து ஆட வைத்தார். பின்னால் நின்று ஆட்டத்தை நடத்தும் அந்தப் புகழ்பெற்ற பிர்லோ, இப்படியொரு இட நெருக்கடியில் பிறந்தவர். மிலான் அணிக்குப் போன பிறகும் பக்கத்தில் ஜென்னாரோ கட்டூசோ என்ற மனிதர் இருவருக்கும் சேர்த்து ஓடியதால்தான் அவரால் நடந்துகொண்டு ஆட முடிந்தது. 2003-இலும் 2007-இலும் மிலான் சாம்பியன்ஸ் லீக்கை வென்றது இந்த இணையை நடுவில் வைத்துத்தான்.

டொனாலி தன்னைச் சரியாகவே அறிந்திருந்தார். தான் பிர்லோவைவிடக் கட்டூசோவுக்கே நெருக்கமானவன் என்பதை இளம் வயதிலேயே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். சிறுவயது முதல் மிலான் ரசிகரான அவர், 2020 செப்டம்பரில் அந்த அணிக்கு வந்தபோது 8-ஆம் எண் சட்டையைக் கேட்டு வாங்கினார். அதற்கு முன் அந்த எண்ணின் பழைய உரிமையாளரான கட்டூசோவையே தொலைபேசியில் அழைத்து அனுமதி பெற்றார். எனினும் முதல் பருவம் சரியாக அமையவில்லை. ஃபிராங்க் கெஸ்ஸியேவும் இஸ்மாயில் பென்னாசரும் நடுக்களத்தில் வேர்விட்டிருந்தார்கள். இவர் தயங்கித் தயங்கி ஆடினார். பந்தை வாங்கி, நிறுத்தி, ஒரு பெரிய பாஸைத் தேடுவதும், அதற்குள் எதிரணி நெருங்கிவிடுவதும் வழக்கமாக இருந்தது. பிறர் தன்னிடம் எதிர்பார்த்த ஆட்டக்காரராக இருக்க அவர் முயன்ற பருவம் அது என்று நான் நினைக்கிறேன். 2021 கோடையில் பிரெஷாவிடமிருந்து கடனாக வந்த ஒப்பந்தம் முடிந்தபோது ஊதியத்தைக் குறைத்துக்கொண்டு அங்கேயே தங்கினார்.

அடுத்த பருவத்தில் நடந்ததைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனெனில் உங்கள் கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது. 2022 ஏப்ரல் 24 அன்று ரோம் நகரில் லாட்சியோவுக்கு எதிரான ஆட்டம் 1-1 என்று நிற்கிறது. 92-ஆவது நிமிடத்தில் சக ஆட்டக்காரர் இப்ராகிமோவிச் தலையால் தட்டிவிட்ட பந்தைக் கோலுக்கு மிக அருகிலிருந்து உள்ளே தள்ளியவர் டொனாலி. இரண்டு வாரங்கள் கழித்து, அவருடைய இருபத்திரண்டாவது பிறந்தநாளன்று, வெரோனாவில் மிலான் ஒரு கோல் பின்தங்கியிருக்கிறது. மிலானின் முன்கள ஆட்டக்காரர் ரஃபேல் லியாவ் இடப்பக்கமாகப் பிய்த்துக்கொண்டு ஓடிப் பந்தைக் குறுக்காகத் தருகிறார். எங்கிருந்தோ வந்து சேர்ந்து கோல் அடிக்கிறார் டொனாலி. இடைவேளை முடிந்த சில நிமிடங்களில் அதே லியாவ், அதே இடப்பக்கம், அதே டொனாலி. ஆட்டம் 3-1 என்று முடிகிறது. அந்தப் பருவத்தில் மிலான் 86 புள்ளிகளும் இண்டர் 84 புள்ளிகளும் பெற்றன. பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு மிலானுக்கு இத்தாலியப் பட்டம் திரும்பியது.

இந்த மூன்று கோல்களிலும் தொலைதூர ஷாட் இல்லை, கண்ணைப் பறிக்கும் பாஸ் இல்லை. மூன்றுமே வந்து சேர்வதால் கிடைத்த கோல்கள். நடுக்களத்தின் ஆழத்தில் நிற்கும் ஒருவர், தன் அணி தாக்கத் தொடங்கிய கணத்தில் பந்தைப் பார்க்காமல் எதிரணியின் பெனால்டி பகுதியில் எந்த இடைவெளி இன்னும் நான்கு நொடியில் திறக்கும் என்பதைக் கணித்து, அங்கே சரியாக ஒரு காலடி தாமதமாக வந்து சேர வேண்டும். முன்னதாகவே போய் நின்றால் தடுப்பாட்டக்காரர் கண்டுகொள்வார். இது கால் திறமையைவிட நேரக் கணிப்புத் திறமை. தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு இதன் முதல் பாதி தெரிவதே இல்லை, ஏனென்றால் அப்போது கேமரா லியாவின் மேல் இருக்கிறது.

நியூகாசிலுக்கு 2023 ஜூலையில் போனபோதும் இதே கதைதான். மிலானுக்கு அவரைக் கொண்டுவந்த தொழில்நுட்ப இயக்குநர் பாவ்லோ மல்தீனியை அணி நிர்வாகம் ஜூனில் வெளியேற்றியிருந்தது. அடுத்த மாதமே டொனாலியையும் விற்றது. விலை சுமார் 7 கோடி யூரோ என்று செய்திகள் கூறின; இத்தாலிய ஆட்டக்காரர் ஒருவருக்கு அதுவரை அவ்வளவு தொகை தரப்பட்டதில்லை. ஆகஸ்ட் 12 அன்று ஆஸ்டன் வில்லாவுக்கு எதிரான முதல் லீக் ஆட்டத்தின் ஆறாவது நிமிடத்தில், ஆண்டனி கார்டன் இடப்பக்கத்திலிருந்து அனுப்பிய பந்துக்குப் பெனால்டி பகுதிக்குள் வந்து சேர்ந்து கோல் அடித்தார். 2024 நவம்பரில் பிரஸ்ஸல்ஸில் பெல்ஜியத்துக்கு எதிராக இத்தாலிக்காக அவர் அடித்த முதல் கோலும், வலப்பக்கத்திலிருந்து டி லொரென்சோ தாழ்வாக அனுப்பிய பந்தை அருகிலிருந்து தட்டியதுதான்.

இங்கே நீங்கள் ஒரு மறுப்பை எழுப்பலாம். நியூகாசிலில் 2024 இறுதி முதல் பயிற்சியாளர் எட்டி ஹாவ் அவரை நடுக்கள மூவரில் ஆகப் பின்னால் நிறுத்தினாரே, புரூனோ கிமரேஸையும் ஜோயலின்டனையும் அவருக்கு முன்னால் அனுப்பினாரே, அது பிர்லோவின் இடம்தானே என்று கேட்கலாம். இடம் அதுதான். அங்கே அவர் செய்த வேலை வேறு. பிர்லோ அங்கே நின்றால் அணியின் மற்றவர்கள் அவருக்குப் பந்தைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். டொனாலி அங்கே நின்றதால் புரூனோவுக்கு விடுதலை கிடைத்தது. பின்னால் திறந்துகிடக்கும் வெளியைப் பற்றிய கவலை இல்லாமல் அவர் முன்னேறலாம், ஏனென்றால் அந்த வெளியை ஓடி மூடும் வேகம் டொனாலியிடம் இருந்தது. எதிரணி வேகமாகத் திரும்பி வரும்போது பக்கவாட்டில் ஓடி, சறுக்கி விழுந்து பந்தைப் பறித்து, எழும் அசைவிலேயே அதை முன்னோக்கித் தள்ளிக்கொண்டு போவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நெசவுத் தறியின் நாடா போல இரண்டு பெனால்டி பகுதிகளுக்கும் நடுவே போய்வரும் ஆட்டக்காரரை ஆழத்தில் வைத்தால், அவர் ஆழத்தை மட்டும் காப்பதில்லை. அந்த டிசம்பரில் லீக் கோப்பைக் காலிறுதியில் பிரென்ட்ஃபோர்டுக்கு எதிராக இரண்டு கோல் அடித்ததும் அவரே. அந்தக் கோப்பையை 2025 மார்ச் 16 அன்று வெம்ப்ளியில் லிவர்பூலை 2-1 என்று வென்று நியூகாசில் பெற்றது; 1955-க்குப் பிறகு உள்நாட்டில் அவ்வணி வென்ற முதல் பெரிய கோப்பை.

குறைகளும் உண்டு. முதுகில் எதிரணி ஆட்டக்காரர் ஒட்டிக்கொண்டிருக்கும்போது பந்தை வாங்கி, குறுகிய இடத்தில் சுழன்று வெளியேறும் கலையில் இன்னொரு இத்தாலிய நடுக்கள ஆட்டக்காரர் மார்கோ வெராட்டியின் அருகில்கூட இவரை வைக்க முடியாது. ஆட்டத்தின் வேகத்தைத் தணிக்க வேண்டிய நேரங்களில் இவரால் தணிக்க முடிவதில்லை, கூட்டத்தான் முடிகிறது. தேசிய அணியில் அப்போதைய பயிற்சியாளர் லூச்சானோ ஸ்பல்லெட்டி இதை உணர்ந்தே, ஆழத்தில் சாமுவேலே ரிச்சி போன்ற பாஸ் ஆட்டக்காரரை நிறுத்தி டொனாலியை அவருக்குப் பக்கவாட்டில், சற்று முன்னால் ஆடவிட்டார். 2024 செப்டம்பரில் பாரிஸில் பிரான்சை 3-1 என்று வென்ற ஆட்டத்தில் ஃபெடெரிகோ டிமார்கோ அடித்த கோலுக்கு முன் குதிகாலால் டொனாலி தந்த அந்த நுட்பமான பாஸ், எதிரணியின் பெனால்டி பகுதியருகே அவர் இருந்ததால் வந்தது.

இத்தாலிய மரபு முடிந்துவிட்டதா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், அந்த மரபை நாம் குறுக்கிப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்பதே. பிர்லோவை மட்டும் வைத்து இத்தாலிய நடுக்களத்தை வரையறுத்தால் மார்கோ தர்தெல்லியை எங்கே வைப்பது? 1982 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராகப் பெனால்டி பகுதியின் விளிம்புக்கு ஓடிவந்து கோல் அடித்து, கைகளை முறுக்கிக் கத்திக்கொண்டே ஓடிய அந்த மனிதர், எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரை முடக்குவது, பந்தைப் பறிப்பது, பிறகு முன்னால் போய் முடிப்பது ஆகிய மூன்றையும் ஒருவரே செய்யலாம் என்று காட்டியவர். டொனாலிக்கு முன்னோடி தேட வேண்டுமென்றால் நான் அவரிடம்தான் போவேன். கட்டூசோவின் உழைப்பு டொனாலியிடம் இருக்கிறது. ஆனால் கட்டூசோ எதிரணியின் கோல் பக்கம் இப்படி வந்தவர் அல்ல.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. 2023 அக்டோபர் 12 அன்று, தேசிய அணியின் கொவெர்ச்சானோ பயிற்சி முகாமுக்கே வந்து அரசு வழக்குத் துறையினர் டொனாலிக்கும் சக ஆட்டக்காரர் நிக்கோலோ ஸனியோலோவுக்கும் விசாரணை அறிவிப்பைத் தந்தார்கள். டொனாலிக்குச் சூதாட்ட அடிமைத்தனம் இருப்பதை அவருடைய முகவர் பொதுவில் ஒப்புக்கொண்டார். இத்தாலியக் கால்பந்துச் சம்மேளனம் 18 மாதத் தண்டனை விதித்தது. அதில் 10 மாதம் ஆடத் தடை, மீதி 8 மாதத்துக்குப் பதிலாகச் சிகிச்சையும் இளைஞர்களிடம் தன் அனுபவத்தைப் பேசும் நிகழ்ச்சிகளும். 2024 யூரோ (ஐரோப்பிய நாடுகளுக்கான) போட்டியை அவர் இழந்தது இதனால்தான். நியூகாசிலுக்கு வந்த பிறகும் பந்தயம் கட்டியதை அவரே முன்வந்து தெரிவித்தார். அவர் சொல்லியிராவிட்டால் அது வெளிவந்திருக்காது என்று குறிப்பிட்ட ஆங்கிலேயக் கால்பந்துச் சங்கத்தின் ஆணையம், இரண்டு மாதத் தடையை நிறுத்திவைத்து, 20,000 பவுண்டு அபராதத்தோடு முடித்தது.

இதைச் சிறிய விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். தன் அணியின் ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டுவது விளையாட்டின் அடித்தளத்தைத் தொடும் குற்றம், தண்டனை தேவையானதே. ஆனால் விதிக்கப்பட்ட தண்டனையை முழுமையாக ஏற்றுக் கழித்துவிட்டுத் திரும்பியவர் மீது பார்வையாளர்களாகிய நாம் இன்னொரு தண்டனையைக் கூட்ட வேண்டியதில்லை என்பது என் நிலைப்பாடு. சட்டைகளிலும் மைதானத்தின் விளம்பரப் பலகைகளிலும் பந்தய நிறுவனங்களின் பெயரை ஏற்றிக்கொண்டு கோடிகளில் புரளும் ஒரு விளையாட்டு, அதே பழக்கத்தில் விழுந்த இருபத்து மூன்று வயது இளைஞனிடம் மட்டும் அறத்தைக் கேட்பதில் இருக்கும் முரணையும் நாம் பார்க்காமல் இருக்க முடியாது. அவரைப் பாராட்டத் தயங்க வேண்டாம். அந்தப் பத்து மாதங்களைச் சேர்த்தே பேசுங்கள், அவ்வளவுதான்.

இன்னொரு செய்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 ஜூனில் இத்தாலியத் தேசிய அணியின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றவர் கட்டூசோ. அந்தச் செப்டம்பரில், அவருடைய இரண்டாவது ஆட்டத்திலேயே, இஸ்ரேலுக்கு எதிராக 4-4 என்று கட்டுக்கடங்காமல் போய்க்கொண்டிருந்த உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டத்தை 91-ஆவது நிமிட கோலால் 5-4 என்று முடித்து வைத்தவர் டொனாலி. ஒன்பது கோல் விழுந்த ஓர் ஆட்டத்தைத் தடுப்பாட்டத்துக்குப் பேர்போன நாடு வென்ற விதத்தை இத்தாலியர்கள் அதிகம் ரசித்திருக்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம். நேரம் கிடைத்தால் நான் குறிப்பிட்ட வெரோனா ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். லியாவ் பந்தோடு கிளம்பும் கணத்தில் அவரை விட்டுவிட்டு, திரையில் 8-ஆம் எண் எப்போது நுழைகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்