பட்ஜெட்டில் கூட்டிப் போடுவது – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோவையில் பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் மெயின்டனன்ஸ் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பேரிங், மோட்டார் ரீவைண்டிங், கம்ப்ரஸர் சர்வீஸ் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 12 லட்சம் ஆகும். நான் 15 என்று போடுவேன். பழைய மேனேஜர் யார் எதைக் கேட்டாலும் 20 சதவீதம் வெட்டுவார். கணக்காக 12 வந்துவிடும். இப்போது வந்திருக்கும் புது மேனேஜர், "உள்ளதைப் போடுங்கள், வெட்ட மாட்டேன்" என்கிறார். மற்ற பிரிவுக்காரர்கள் நம்பவில்லை. இத்தனை நாள் நான் செய்தது பொய்யா? இனி எவ்வளவு போடுவது?

கே.

அன்புள்ள கே.,

பொய்தான். ஆனால் அதில் பழைய மேனேஜருக்கும் பங்குண்டு. எல்லாருக்கும் ஒரே வெட்டு என்றால், 12 என்று உள்ளதை எழுதியவர் 9.6 லட்சத்தில் வருடத்தை ஓட்ட வேண்டும். அப்புறம் யார் எழுதுவார்கள்? ரங்கநாதன் தெருப் பேரம் மாதிரி, இரண்டு பக்கமும் தெரிந்தே ஆடுகிற ஆட்டம் அது.

மனிதர்கள் வாய்ப்புக் கிடைத்தால் முழுப்பொய் சொல்பவர்கள் அல்ல. 2001இல் அமெரிக்கக் கணக்கியல் ஆய்வாளர்கள் நால்வர் ஒரு சோதனை நடத்தினார்கள். உண்மைச் செலவு பங்கேற்பவருக்கு மட்டும் தெரியும். கூட்டிச் சொன்னால் மிச்சம் அவருக்கே. அப்படியும் பலர் முழுதாகச் சுருட்டவில்லை. கொஞ்சம் கூட்டினார்கள், கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள். லாபத்தில் பெரும்பங்கைக் கம்பெனியே எடுத்துக்கொண்ட இடத்தில்தான் நேர்மை சரிந்தது. அதற்கும் முன்பே, 1972இல், ஆந்தனி ஹாப்வுட் என்ற கணக்கியல் ஆய்வாளர் ஓர் அமெரிக்கத் தொழில் நிறுவனத்தை ஆராய்ந்தபோது, பட்ஜெட்டைத் தாண்டினாயா இல்லையா என்பதை மட்டுமே பார்க்கும் மேலதிகாரிகளின் கீழ் கணக்கைத் திரிப்பது அதிகமாக இருந்தது.

ஆக, புதியவர் எப்படி என்பதுதான் கேள்வி. உங்கள் சகாக்கள் பழையவர் மேலுள்ள கோபத்தைப் புதியவர் தலையில் ஏற்றுகிறார்கள். இது அவருக்கு அநியாயம். ஆனால் அவர் வாக்கை மட்டும் வைத்து நம்புங்கள் என்றும் சொல்ல மாட்டேன். மார்ச்சில் ஒரு லட்சம் மிஞ்சி, திருப்பிக் கொடுத்தால், அடுத்த வருடம் 11தான் என்பாரா? அப்படியென்றால் எல்லாரும் மார்ச் கடைசியில் தேவையில்லாத பேரிங்கை வாங்கி ஸ்டோரில் அடுக்குவார்கள். அரசிலும் இதே கதைதான். கடைசி மூன்று மாதத்தில் 33 சதவீதம், மார்ச்சில் 15 சதவீதம் என்று மத்திய நிதியமைச்சகமே செலவுக்கு வரம்பு போட வேண்டி வந்தது.

நீங்கள் 12 போடுங்கள். எதிர்பாராத பழுதுக்கு ஒரு தொகை வேண்டுமென்றால் அதை ரீவைண்டிங்கிலும் கிரீஸிலும் ஒளிக்காமல் தனி வரியாக, எந்த மெஷின், எத்தனை வருடப் பழசு என்ற விவரத்தோடு கேளுங்கள். அதையும் வெட்டினால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை வந்துவிடும். 15க்குள் ஒளித்தால் வாயே திறக்க முடியாது. வருட நடுவில் ஏதாவது ஒரு மோட்டார் எரியத்தான் போகிறது. அன்றைக்கு அவர் முதலில் கேட்பது "ஏன் எரிந்தது" என்பதா, "பட்ஜெட்டில் இருக்கிறதா" என்பதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.