கரண்ட் வைக்கும் நாட்களில்: கேள்வி பதில்

15 முதல் 39 வயதுக்குள் கதிர்வீச்சு சிகிச்சை (பேச்சுவழக்கில் ‘கரண்ட்’) எடுப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்டவை. பதில் சொல்பவர் கதிர்வீச்சு சிகிச்சை மருத்துவர்.

டாக்டர், 17 வயசுப் பொண்ணுக்குத் தலையில கரண்ட் வைக்கிறாங்க. 3 வயசுத் தம்பி அவகூடத்தான் படுப்பான். பிரிச்சு வைக்கணுமா? (மதுரை, அம்மா)

வேண்டாம் அம்மா. வெளியிலிருந்து மெஷின் கொடுக்கிற கதிர் உடம்பில் தங்குவதில்லை. அறையை விட்டு வெளியே வந்தால் அதோடு சரி. கட்டிப்பிடித்துத் தூங்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். தைராய்டு புற்றுநோய்க்குக் கொடுக்கும் ரேடியோ அயோடின் மட்டும் வேறு கதை. அது எச்சில், வியர்வை, சிறுநீர் வழியாகச் சில நாள் வெளியேறும். அவர்கள் நியூக்ளியர் மெடிசின் பிரிவு தரும் தாளில் உள்ள நாள் கணக்கை அப்படியே பின்பற்ற வேண்டும்.

மூக்குக்குப் பின்னால் கட்டி, 22 வயது. 35 சிட்டிங்கில் (ஒரு முறை கரண்ட் வைப்பது ஒரு சிட்டிங்) 12 முடிந்தது. வாயெல்லாம் புண், சோறு இறங்கவில்லை. (சேலம்)

இரண்டு, மூன்றாம் வாரத்தில் புண் வருவது எதிர்பார்த்ததுதான் தம்பி. இனிமேல் கூடும், அதனால் இன்றே தொடங்குங்கள். கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர், உப்பு 1 டீஸ்பூன், ஆப்பச் சோடா 1 டீஸ்பூன். விழித்திருக்கும் நேரமெல்லாம் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை கொப்பளித்துத் துப்புங்கள். தினமும் புதிதாகக் கலக்குங்கள். கடையில் விற்கும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் புண்ணைக் கிளறும். வலிக்கு மரத்துப்போகும் மருந்து எழுதித் தரச் சொல்லி, சாப்பிட 15 நிமிடம் முன்பு பயன்படுத்துங்கள்.

காரம், புளி, சூடு மூன்றும் வேண்டாம். குழைந்த தயிர் சாதம், பாலில் ஊறிய இட்லி, முட்டை போட்டு அடித்த கஞ்சி என்று 2 மணி நேரத்துக்கு ஒரு கிண்ணம் போதும். வாரம் ஒரு முறை எடை பாருங்கள். எடை இறங்கினால் முகத்துக்குச் செய்த மாஸ்க் தளரும். தளர்ந்த மாஸ்க்கில் தலை நகரும், கதிர் இலக்கு தவறும். மாஸ்க் லூசானால் மேஜையில் படுக்கும்போதே டெக்னீஷியனிடம் சொல்லுங்கள்.

வாயைத் திறக்கும் பயிற்சியையும் விடாதீர்கள். உங்கள் மூன்று விரல் செங்குத்தாக உள்ளே போக வேண்டும். போகவில்லையென்றால் ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே மெல்ல வைத்துப் பிடியுங்கள். அளவைக் குறித்துக்கொண்டு சில நாளுக்கு ஒரு குச்சி கூட்டுங்கள். சிகிச்சை முடிந்த பிறகும் தாடை இறுகும் என்பதால் மாதக்கணக்கில் தொடர வேண்டும். இன்னும் தொடங்காதவர்களுக்கு: பல் டாக்டரை முதலில் பாருங்கள். பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கி 2 வாரமாவது ஆறவிட வேண்டும். கதிர் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பே ஆறாமல் போகலாம்.

தீபாவளிக்கு ஊருக்குப் போய் நாலு நாள் இருந்துட்டு வரலாமா?

கூடாது. விடும் நாட்களில் கட்டியின் செல்கள் மறுபடி பெருகும். தலை, கழுத்துப் புற்றுநோயில் ஒவ்வொரு நாள் தாமதமும் நோய் கட்டுப்படும் வாய்ப்பைச் சுமார் 1 சதவீதம் குறைக்கிறது. மெஷின் பழுதாகி நாள் விட்டால், சனிக்கிழமை வைக்கவோ ஒரே நாளில் 6 மணி நேர இடைவெளியில் இரண்டு வைக்கவோ முடியுமா என்று கேளுங்கள்.

மகனுக்கு 19. இடுப்பெலும்பில் யூயிங் சார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய். கீமோ, அப்புறம் கரண்ட். விந்து சேமிக்கச் சொன்னார்கள். கல்யாணம் ஆகாத பையன், கூச்சமாக இருக்கிறது. மறுத்துவிட்டோம். (திருநெல்வேலி, அப்பா)

ஐயா, முதல் கீமோ ஏறவில்லையென்றால் இன்றைக்கே மாற்றிக்கொள்ளுங்கள். விரைக்கு 2 கிரே (கதிரை அளக்கும் அலகு) அளவு பட்டாலே விந்தணு உற்பத்தி ஆண்டுக்கணக்கில் நிற்கலாம். இடுப்புக்கு வைக்கும்போது சிதறும் கதிரே ஓரளவு அங்கே போகும். அதற்கு முன்பே கீமோவும் தாக்கும். செய்முறை எளிது. ஹெச்ஐவி, ஹெபடைட்டிஸ் ரத்தப் பரிசோதனை, 2–3 நாள் விந்து வெளியேறாமல் இருப்பது, முடிந்தால் 2–3 மாதிரி, நேரமில்லையென்றால் ஒன்று. திரவ நைட்ரஜனில் உறைய வைப்பார்கள், ஆண்டுக் கட்டணம் உண்டு. பெண்களுக்குக் கருமுட்டை எடுக்க ஊசி போட்டு 10–14 நாள் ஆகும். இடுப்புக்கு மட்டும் கரண்ட் என்றால் லேப்ராஸ்கோப்பியில் சினைப்பையைக் கதிர் படாத மேல்பகுதிக்கு நகர்த்திக் கட்டவும் முடியும்.

முதல்ல உயிர் பிழைக்கட்டும் டாக்டர். பிள்ளை குட்டியெல்லாம் பிறகு பார்ப்போம். (மாமா ஒருவர்)

பிறகு பார்க்க எதுவும் மிச்சம் இல்லாமல் போகலாம், அதனால்தான் இப்போது. பையன்களுக்குச் சில நாளில் முடியும் வேலை, சிகிச்சையைத் தள்ளிப்போடாது.

என்கிட்ட யாருமே கேக்கல டாக்டர். வெளியே நின்னு அப்பாதான் வேண்டாம்னு சொன்னார். எனக்கு அப்போ 20. (வேறொருவர்)

18 ஆனால் கையெழுத்து உங்களுடையது. வீட்டார் வெளியே இருக்க, நோயாளியிடம் தனியாகப் பேசுவது மருத்துவரின் கடமை. மறுப்பதானாலும் பையனே மறுக்கட்டும்.

ஆண்மை போயிடும்னு சொந்தக்காரங்க சொல்றாங்களே, அதுதான் எங்க பயம். (திருநெல்வேலி, அப்பா)

இதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் ஐயா. ஆண் ஹார்மோன் சுரக்கும் செல்கள் விந்தணு செல்களைவிட அதிகக் கதிரைத் தாங்கும். குழந்தை உண்டாவது வேறு, ஆண்மை வேறு. இந்தப் பதிலைப் பையனிடமே படிக்கக் கொடுங்கள்.

தோல் கருத்து எரிகிறது. மஞ்சள் பூசலாமா?

வேண்டாம். சந்தனம், பவுடர், ஐஸ் ஒத்தடமும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, தளர்வான பருத்திச் சட்டை. கதிர் படும் இடத்தைக் காட்டத் தோலில் போட்ட மார்க்கை மட்டும் அழிக்காதீர்கள்.

கரண்ட் வெச்ச அக்கா கைக்குழந்தையைத் தூக்கலாமா?

முதல் பதிலேதான்.

பப்பாளி இலைச் சாறு?

உங்கள் கீமோ டாக்டரிடம் கேளுங்கள். அதற்காக ஒரு சிட்டிங்கும் விடாதீர்கள்.

தினமும் விழுப்புரத்திலிருந்து சென்னை. ரயிலில் சலுகை உண்டா?

உண்டு. ஸ்லீப்பரிலும் ஏசி மூன்றடுக்கிலும் நோயாளிக்கு 100 சதவீதம், உடன் வருபவருக்கு 75. இரண்டாம் வகுப்பில் இருவருக்கும் 75. ரயில்வே படிவத்தில் மருத்துவமனையின் சான்று வேண்டும். காலை நேரம் ஒதுக்கச் சொன்னால் கல்லூரிக்கும் அரை நாள் போக முடியும். ஒரு நாளும் விடக்கூடாது என்பதால் கடைசி ரயிலை நம்பாதீர்கள்.

மகளுக்கு 16 வயதில் நெஞ்சில் கரண்ட் வைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள். இனி என்ன பார்க்க வேண்டும்?

சிகிச்சை முடிந்து 8 ஆண்டு அல்லது 25 வயது, எது பிந்தியதோ அப்போதிலிருந்து ஆண்டுதோறும் மார்பக எம்ஆர்ஐ, மேமோகிராம். கழுத்திலும் பட்டிருந்தால் ஆண்டுதோறும் தைராய்டுக்கு டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை. எந்த இடத்துக்கு எத்தனை கிரே, எத்தனை சிட்டிங், எந்தத் தேதியில் என்று எழுதிய சிகிச்சைச் சுருக்கத்தைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

தலைக்குக் கரண்ட் முடிந்து 5 வாரம் ஆகிறது. தங்கை தூங்கிக்கொண்டே இருக்கிறாள்.

4 முதல் 8 வாரத்துக்குள் இப்படி ஒரு தூக்கம் வருவதுண்டு, பெரும்பாலும் தானே தெளியும். போனிலாவது டாக்டரிடம் தெரிவியுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையைத் தானாகக் குறைத்தாளா என்று பாருங்கள். தலைவலி, வாந்தி, வலிப்பு, எழுப்பியும் எழாமை, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் நாளைவரை காத்திருக்காதீர்கள், இன்றைக்கே அவசரப் பிரிவு.